வரையறு

அரையாண்டுத் தேர்வின் அறிவியல் தாளில் ஒரு கேள்வி இப்படி இருந்தது: ‘சவ்வூடு பரவல் – வரையறு.’

எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வந்தது. பொருள்தான் வரவில்லை. சவ்வு என்று தொடங்கும் ஒரே ஒரு சொல்தான் எனக்குத் தெரியும், சவ்வரிசி. பரவல் என்றால் பரப்பி வைப்பதாக இருக்கும். வரை என்றால் படம் போடுவது. அறு? அச்சில் சுழி விழாமல் போயிருக்கிறது, ஆறுதான் அறு என்று விழுந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். ஆக, சவ்வரிசி பரப்பி வைத்திருப்பதை ஆறு படம் வரைய வேண்டும். அறிவியல் தாளில் எதற்காக இதைக் கேட்கிறார்கள் என்று ஒரு கணம் குழம்பினேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு விளங்காதது அது ஒன்று மட்டுமா? பென்சிலை எடுத்தேன். ஆறு தட்டு, ஆறிலும் சின்னச் சின்ன உருண்டைகள். ஓரத்தில் நிழல்கூடத் தீட்டினேன். அதை முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்து தாள்களைக் கொடுத்தார்கள். அறிவியல் டீச்சர் குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம். என் தாளை மட்டும் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எந்திரி. இது என்ன?”

“சவ்வரிசி டீச்சர்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

“சவ்வரிசி எதுக்கு என் பேப்பர்ல வந்துச்சு?”

“ஆறு படம் வரையச் சொல்லியிருந்துச்சு டீச்சர்.”

இந்த முறை சிரிப்பு அடங்கவே இல்லை. என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் முகம் இறுகிப்போனது.

“வெளிநாட்டுல படிச்சிட்டு வந்தா, இங்க இருக்கிறவங்கள்லாம் உனக்குக் கிண்டலாத் தெரியுதா?”

“இல்ல டீச்சர்...”

“வெளிய போய் நில்லு.”

வராந்தாவில் போய் நின்றேன். உள்ளே டீச்சர் அந்தக் கேள்விக்கான விடையைச் சொல்ல ஆரம்பித்தார். மெல்லிய சவ்வு, இந்தப் பக்கம் வெறும் தண்ணீர், அந்தப் பக்கம் சர்க்கரைத் தண்ணீர், தண்ணீர் மட்டும் சவ்வைக் கடந்து போகும். கேட்டுக்கொண்டே இருந்தபோது திடுக்கிட்டேன். இது ஆஸ்மோசிஸ். எனக்கு இது தெரியும். முந்தைய வருஷம் வளைகுடாப் பள்ளியில் உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரை போட்டு, தண்ணீரில் வைத்து, வகுப்பு முழுவதற்கும் முன்னால் விளக்கிக் காட்டியவளே நான்தான். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த விஷயம் இருந்தது, அந்தப் பக்கம் அதன் பெயர் இருந்தது. உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. எந்த வார்த்தையில் சொல்வது?

நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பட்டுக்கோட்டையிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் சாலையில் எங்கள் ஊர். வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். வாப்பா ஒரு கம்பெனியில் ஸ்டோர் மேனேஜராக இருந்தார். நான் குழந்தையாக இருக்கும்போதே எங்களையும் அழைத்துக்கொண்டார். பிறகு கம்பெனியை வேறு ஒருவர் வாங்கினார். பழைய ஆட்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். எங்களை விமானத்தில் ஏற்றிவிட்டு, வாப்பா மட்டும் கூட்டாளிகளின் அறையில் ஒண்டிக்கொண்டு வேலை தேடினார். விசா முடிவதற்குள் வேலை கிடைக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா தொழுகைக்குப் பிறகு சாச்சா வீட்டுக்கு அவருடைய போன் வரும். எங்கள் பள்ளிக்கும் அன்றுதான் விடுமுறை, உம்மாவும் நானும் அங்கே போய்க் காத்திருப்போம். வாப்பாவின் தம்பிதான் சாச்சா. ஊரில் இரும்புக்கடை வைத்திருந்தார். வாப்பா இல்லாத இடத்தில் எங்களுக்கு எல்லாம் அவர்தான் முடிவு செய்தார்.

ஊரில் இருந்த ஆங்கிலப் பள்ளி எட்டாவதோடு நின்றுவிட்டது. மேலே படிக்கப் பட்டுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போக வேண்டும். “வயசுக்கு வந்த புள்ளய பஸ்ஸுல அனுப்புறதாவது” என்று சாச்சா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனவே தெருக்கோடியில் இருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், தமிழ் வழியில், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன். வீட்டில் பேசுவது தமிழ்தானே, என்ன கஷ்டம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் பேசிய தமிழில் சோறு இருந்தது, மீன் இருந்தது, சண்டை இருந்தது. முடுக்கம், உந்தம், மாறிலி, தேற்றம் எதுவும் அதில் இல்லை.

செங்கோணம் என்றால் சிவப்பு நிறக் கோணம் என்று நினைத்து, கணக்கு நோட்டில் சிவப்புப் பேனாவால் வரைந்து வைத்திருந்தேன். ‘நிறுவுக’ என்று பார்த்தபோது வாப்பா வேலை பார்த்த நிறுவனம் ஞாபகத்துக்கு வந்தது. முக்கோணத்துக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமல் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். இவற்றை யாரிடமும் கேட்கத் துணியவில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

சவ்வரிசி சம்பவத்துக்கு மறுநாள் தலைமை ஆசிரியை உம்மாவை வரச் சொன்னார். துணைக்குச் சாச்சாவும் வந்தார். தலைமை ஆசிரியை என் மதிப்பெண்களைக் காட்டினார். ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல். மற்ற எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு.

“வருஷப் பரீட்சையில எல்லாத்துலயும் பாஸ் பண்ணினாத்தான் பத்தாவதுக்கு ஏத்துவோம். எங்களுக்குப் பத்தாவது ரிசல்ட் முக்கியம். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் வந்து நிக்காதீங்க.”

வெளியே வந்ததும் சாச்சா உம்மாவிடம் சொன்னார்: “இந்த வருசம் பார்ப்போம் மச்சி. வரலேன்னா வீட்டோட இருந்து தையல் கத்துக்கட்டும். காக்கா இருக்குற நெலமையில இது ஒரு கவலையா?” காக்கா என்றது தன் அண்ணனை, என் வாப்பாவை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உம்மா தலையை ஆட்டினார். அது சரி என்று ஆட்டியதா, கேட்டுக்கொண்டேன் என்று ஆட்டியதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதே வாரம் ஆங்கிலத் தாளைக் கொடுத்தார்கள். அன்றைக்கு மாட்டிக்கொண்டது என் பெஞ்சுக்காரி. என்னைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவள்தான். ‘நீ பார்த்த ஒரு விபத்தைப் பற்றி எழுது’ என்ற கேள்விக்கு, மனப்பாடம் செய்து வைத்திருந்த பசுமாட்டுக் கட்டுரையை அப்படியே எழுதியிருந்தாள். ஆங்கில ஆசிரியை அதை உரக்க வாசித்தார். நான் சிரிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் சிரித்தேன்.

மதிய இடைவேளையில் அவளே என்னிடம் வந்தாள். முகம் இன்னும் கன்றிப்போயிருந்தது.

“நீ எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தா. நான் உனக்கு அந்த வரையறு கிரையறெல்லாம் சொல்லித் தரேன்.”

“எனக்கு எதுக்கு?”

“உனக்கு எதுக்கா? நீயும் பெயிலு, நானும் பெயிலு.”

அவள் கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த கிராமம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருவாள். கால்வாயின் கடைமடை. அந்த வருஷம் அங்கே தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. அவளுடைய அப்பா குத்தகை நிலத்தில் விதைத்தது முளையிலேயே காய்ந்துவிட்டது. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். குடும்பத்தோடு வந்துவிடுங்கள், தங்கச்சிக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான். “பெயிலானா நேரா திருப்பூருதான்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், ஆனால் சொல்லும்போது தாவணி நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து படித்தோம். அவளுக்கு அறிவியல் புத்தகம் முழுவதும் மனப்பாடம். எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பாள். நான் மலைத்துப்போனேன். சவ்வூடு பரவலையும் அப்படித்தான் ஒப்பித்தாள்: “ஒரு கூறு புகவிடும் சவ்வின் வழியாகச் செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு நீர் மூலக்கூறுகள் செல்லும் நிகழ்ச்சி சவ்வூடு பரவல் எனப்படும்.”

“செறிவுன்னா என்னா?”

“செறிவுன்னா செறிவுதான்.”

“கூறு புகவிடும்னா?”

“அது அப்படித்தான் இருக்கும். அப்படியே எழுதணும்.”

“உனக்கு அர்த்தம் தெரியாதா?”

“அர்த்தமெல்லாம் யாரு கேக்குறா? எழுதினா மார்க்கு.”

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தச் சொற்களுக்காக வராந்தாவில் நின்றவள் நான். அவளோ அவற்றை வாய் நிறைய வைத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்கிறாள். “நீ கிளி மாதிரி ஒப்பிக்கிற, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டேன். அவள் புத்தகத்தை மூடினாள். எழுந்து போனாள். அதன் பிறகு பல நாள் பெஞ்சின் கடைசி ஓரத்தில், என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நோன்பு ஆரம்பித்திருந்த நேரம். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை வாப்பாவின் போன் வரவில்லை. சாச்சா வீட்டில் அஸர் தொழுகை நேரம் வரைக்கும் காத்திருந்தோம். வீடு வந்ததும் உம்மா அடுப்படியில் போய் நோன்பு திறப்பதற்காகக் கிஸ்மிஸைத் தண்ணீரில் போட்டார். சுருங்கிக் கிடந்த உலர்ந்த திராட்சைகள் நோன்பு திறக்கும் மஃக்ரிப் நேரத்துக்குள் உப்பிப் பளபளவென்று ஆகிவிட்டன. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்ன டப்பாவில் கிஸ்மிஸ் கொண்டுபோனேன். முதல் பீரியடில் தண்ணீர் ஊற்றி மேசைக்குள் அவள் பக்கம் தள்ளி வைத்தேன். அவள் பார்க்காததுபோல் இருந்தாள். கடைசி பீரியடில் டப்பாவைத் திறந்து அவள் முன் வைத்தேன்.

“இதுதான் நீ ஒப்பிச்சது.”

அவள் எட்டிப் பார்த்தாள்.

“உள்ள இனிப்பு. வெளிய சும்மா தண்ணி. தோல் ஒரு காவக்காரர் மாதிரி. தண்ணிய உள்ள விடுவாரு. சக்கரைய வெளிய விடமாட்டாரு. அதான் உப்பிப் போச்சு.”

அவள் ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது. மனத்துக்குள் அந்த வரியைச் சொல்லிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. செறிவு குறைந்த. செறிவு மிகுந்த. புகவிடும்.

“புக விடும்” என்றாள். “உள்ள போக விடும். அதானா?” சற்று நேரம் கழித்து, “வெத நெல்ல ஊறப்போட்டா உப்பும்ல, அதுவுமா?” என்றாள்.

“அதுவும்தான்.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. “இத்தன வருசமா இப்படி எத்தன ஒப்பிச்சிருக்கேன். ஒருத்தரும் எனக்குக் காட்டலையே” என்றாள். அவளுக்கு என் மீது கோபம் இல்லை. யார் மீது என்று அவளுக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு அவள் என்னை விடவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும், இது என்ன, எங்கே இருக்கிறது, கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்டாள். நான் பொருளைச் சொன்னால் அவள் சொல்லைப் பிரித்துக் காட்டுவாள். அதில் அவள் கெட்டிக்காரி. “பெரிய வார்த்தைன்னு பயப்படாத, பிச்சுப் பாரு. மாறு, இலி. மாறாதது. அதான் மாறிலி. செம்மைன்னா நேரு, செவப்பு இல்லடி, நேரா நிக்கிற கோணம்.” வரையறு மட்டும் இருவருக்கும் பிடிபடவில்லை. அவள் போய்த் தமிழம்மாவிடம் கேட்டு வந்தாள். “வரைன்னா எல்லையாம். இதுவரைக்கும்னு சொல்றோமே, அந்த வரை. ஒண்ணு எதுவரைக்கும்னு எல்லை போட்டு முடிவாச் சொல்லணும். எங்க வயல் வரப்பு மாதிரின்னு வெச்சுக்க.” ஆங்கிலத்துக்கும் இதையே செய்தோம். பசுமாட்டைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். நேற்று பஸ்ஸில் நடந்ததை மூன்று வரியில் எழுது என்பேன். தப்பும் தவறுமாக எழுதுவாள். ஆனால் அவளுடைய வரிகளாக இருக்கும்.

வருஷத் தேர்வு அறிவியல் தாளில் அந்தக் கேள்வி திரும்பவும் வந்தது, சவ்வூடு பரவலை வரையறுத்து எடுத்துக்காட்டுடன் விளக்குக என்று. அவள் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். தலையைத் தூக்கவே இல்லை. நானும்தான்.

சில நாள் கழித்துப் பள்ளி ஆயா வீட்டுக்கு வந்து, தலைமை ஆசிரியை உடனே வரச் சொன்னதாகச் சொன்னார். உம்மாவுக்குக் காய்ச்சல். சாச்சாவுக்கு ஆள் அனுப்பினோம். நான் போனபோது அவள் ஏற்கெனவே தலைமை ஆசிரியை அறையில் நின்றுகொண்டிருந்தாள். பஸ் பிடித்து ஓடி வந்த வேர்வை. மேசையில் இரண்டு விடைத்தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்கப்பட்டிருந்தன. அறிவியல் டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“யாரு யாரைப் பார்த்து எழுதினீங்க?” என்றார் தலைமை ஆசிரியை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு தாளிலும் உலர்ந்த திராட்சை. இரண்டிலும் அதன் தோல் ஒரு காவல்காரர். தண்ணீரை உள்ளே விடுவார், சர்க்கரையை வெளியே விடமாட்டார். வரிக்கு வரி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

“புத்தகத்துல திராட்சையும் இல்ல, காவல்காரரும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல எப்படித் தோணுச்சு? கிளாஸ்ல ஒரே பெஞ்சு, பரீட்சையில முன்னும் பின்னும் வேற.”

“பார்த்து எழுதல டீச்சர்” என்றாள் அவள். “பேசிக்கிட்டது டீச்சர். முன்னாடியே பேசிக்கிட்டது.”

“பரீட்சையிலயா?”

“இல்ல டீச்சர், சைக்கிள் கொட்டாய்ல.”

தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். “இந்தத் தாள்ல ரெண்டு பேருக்கும் முட்டை போட்டுட்டா முடிஞ்சுது.” முட்டை என்றால் இருவரும் அதே வகுப்பு. எனக்குத் தையல் மெஷின், அவளுக்குத் திருப்பூர். அவள் கை என் கையை உரசியது.

“ஒரு நிமிஷம்” என்றார் அறிவியல் டீச்சர். “நான் தனித்தனியாக் கேக்குறேன். பார்த்து எழுதினவளுக்கு வேற மாதிரி கேட்டா வராது.”

அவளை முதலில் உள்ளே நிறுத்திக்கொண்டு என்னை வெளியே அனுப்பினார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே சாச்சா வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையில் துருக்கறை. ஆயா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

“பாத்து எழுதுனியா?”

“இல்ல சாச்சா.”

“எழுதலேன்னா எதுக்கு நடுங்குற?”

கதவுக்குப் பின்னால் அவளுடைய குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. ஒரு முறை நின்றது. நீண்ட நேரம் நின்றேவிட்டது. ‘கிளி மாதிரி’ என்று நான் சொன்னது என் காதிலேயே ஒலித்தது. அவள் பயத்தில் திரும்பவும் அந்தப் பழைய வரியையே ஒப்பித்துவிட்டால்? பிறகு குரல் மறுபடியும் கேட்டது, இப்போது வேகமாக. கதவு திறந்தது. அவள் என்னைப் பார்க்காமலே படியிறங்கிப் போனாள். ‘உள்ள போ’ என்று ஆயா கைகாட்டினார்.

டீச்சர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைக்கிறோம். கொஞ்ச நேரத்துல என்ன ஆகும்?”

“தண்ணி விட்டுக்கும் டீச்சர். மாங்காய் சுருங்கிடும்.”

“ஏன்?”

எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். “வெளிய உப்பு நிறைய இருக்கு. உள்ள தண்ணி... உள்ள அடர்த்தி குறைவு, வெளிய அடர்த்தி...”

“அடர்த்தியா?”

அது தவறான சொல். அடர்த்தி வேறு பாடம், எடைக்கும் பருமனுக்கும் உரியது. சரியான சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ச என்று தொடங்கும். சாறு? செழிப்பு? தலைமை ஆசிரியை பேனா மூடியைத் திறந்தார். “தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடும்மா.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் ஒப்பிக்கும் குரலை முதலிலிருந்து மனத்துக்குள் ஓடவிட்டேன். ஒரு கூறு புகவிடும் சவ்வின் வழியாக... நான் கிண்டல் செய்த அதே ராகத்தில்.

“செறிவு!” என்று கத்தியேவிட்டேன். “செறிவு டீச்சர். வெளிய உப்போட செறிவு அதிகம். உள்ள இருக்கிற சாறுல செறிவு கம்மி. அதனால தண்ணி உள்ளேருந்து வெளிய வரும்.”

“உன் காவல்காரர் உள்ள விடுறவர்னுல்ல எழுதியிருக்க?”

“அவரு ரெண்டு பக்கமும் விடுவாரு டீச்சர். எந்தப் பக்கம் செறிவு அதிகமோ அந்தப் பக்கம்.”

டீச்சர் என் தாளை மடித்தார். பிறகு தலைமை ஆசிரியையின் பக்கம் திரும்பினார். “அவங்கவங்க எழுதினதுதான். மார்க்கு அப்படியே இருக்கட்டும்.” நான் வாசலைத் தாண்டும்போது அதே தாழ்ந்த குரலில், “அன்னிக்கு உன்ன வெளிய நிறுத்துறதுக்கு முன்னாடி நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்” என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அவள் பஸ் நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்டார்கள் என்றேன்.

“யூரியா ஜாஸ்தியாப் போட்டா பயிரு ஏன் கருகுதுன்னு. எனக்கு மொதல்ல ஒண்ணும் ஓடல. அப்புறம் எங்க அப்பா ஒரு வருசம் அள்ளிக் கொட்டி, வயலே கருகிப் போனது ஞாபகம் வந்துச்சு. வேருல இருக்குற தண்ணி வெளிய போயிடும் டீச்சர், அது ஏன்னு எனக்கே இப்பத்தான் தெரியுதுன்னு சொன்னேன்.” அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்தது. பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்த பிறகுதான் ஏறினாள்.

இருவரும் பத்தாவதுக்குப் போனோம். அவள் ஆங்கிலத்தில் தப்பித்தாள், நான் தமிழில். கோடையில் அவளுடைய அம்மா, அப்பா இருவரும் திருப்பூர் போய்விட்டார்கள். அவள் கூடப் போகவில்லை. பெரியம்மா வீட்டில் இருந்துகொண்டு பத்தாவது எழுதினாள். பிறகு நர்ஸிங் படித்தாள். இன்று தஞ்சாவூரில் இருக்கிறாள்.

என் பக்கத்தில் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வாப்பா போனில் துள்ளிக் குதித்தார். வேலை கிடைத்துவிட்டது, வேறு ஊர், குடும்ப விசா தருகிறார்கள். ஜூனில் எல்லோரும் வந்துவிட வேண்டும். “நீ பட்ட கஷ்டமெல்லாம் போதும்மா. இங்க இங்கிலீஷ் ஸ்கூல். ஒன்பதாவது திருப்பிப் படிச்சாப் போதும்னு சொல்லிட்டாங்க.”

சாச்சா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உம்மா என் முகத்தையே பார்த்தார்.

“வாப்பா, நான் பாஸாயிட்டேன்” என்றேன்.

“தெரியும்மா. அதான் சொல்றேன்...”

“நான் பத்தாவது இங்கேயே எழுதுறேன்.”

“உனக்காகத்தானே இந்த நாயா பேயா அலைச்சலு” என்றார் வாப்பா. குரல் உடைந்துவிட்டது. எதை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பவும் ஒரு வகுப்பில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க என்னால் முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

உம்மா ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினார். “நாங்க இங்கேயே இருக்கோம். அவ எழுதட்டும்” என்றார். சாச்சா ஏதோ சொல்ல வாயெடுத்தார். உம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. “ஆமா, நாந்தான் சொல்றேன்” என்று போனில் சொன்னார்.

அந்த முடிவால் வாப்பா அதற்குப் பிறகும் வெகுகாலம் அங்கே தனியாகவே இருந்தார். அவர் விடுப்பில் வரும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. உம்மாவும் பேசியதில்லை. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது மட்டும், தெருமுனையில் நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: “பத்தாவதுல என்னென்ன பாடம்?”

ஒவ்வொன்றாகச் சொன்னேன். உம்மா கேட்டுக்கொண்டே வந்தார்.